மந்தையில் கட்டிய ஜர்னல் பக்கம்

புது ஃப்ளெக்ஸ் வெயில்ல காஞ்சா ஒரு வாடை அடிக்கும்... இப்பவும் அந்த வாடை வந்தா எனக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அப்போ நான் பிஎச்டி கடைசி வருஷம். நாகலாபுரம் கரிசக்காட்டுல, மழைக்கு முன்னாடியே விதைக்கிற உளுந்தைப் பத்தி ஆராய்ச்சி. அந்த ஊரு முருகேசன் அண்ணாச்சி காட்டுலதான் சோதனைக்கு மண்ணெடுத்தேன். மண்ணு என்ன சொல்லுச்சுன்னு ஊருக்கு வந்து சொல்லணும்ங்கிறது மட்டும்தான் அவர் போட்ட கண்டிஷன்.

கட்டுரை வெளிநாட்டு ஜர்னல்ல வந்துச்சு. சந்தோஷத்துல பிடிஎஃப்பை அண்ணாச்சிக்கு வாட்ஸப்புல தட்டிவிட்டேன்.

எங்க பக்கம் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ், கபடியில கப் வாங்கினாலும் ஃப்ளெக்ஸ். ஊர்ப்பேரு வெளிநாட்டுல அச்சாயிருக்கு, சும்மா விடுவாங்களா? ஜர்னல் பக்கத்தை அப்படியே பெருசாக்கி, கைகூப்பின என் போட்டோவையும் சேத்து, 'கரிசல் மண்ணின் அறிவுச்சுடரே வருக'ன்னு ஊர் கூடுற மந்தையில கட்டிட்டாங்க.

யாரோ அதை ஸ்டேட்டஸ்ல வைக்க, என் கைடு கண்ணுல பட்டுடுச்சு. போன்ல அவர் குரலே சரியில்ல.

"காப்பிரைட்டை ஜர்னலுக்கு எழுதிக்கொடுத்த பிறகு அது அவங்க பக்கம்மா. வைவா நேரத்துல புகார் வந்தா நீ என்ன செய்வ? முதல்ல அதை இறக்கு."

கோவில்பட்டியில பஸ் ஏறினேன். கட்டுரை வந்தா போதும்னு டிக் அடிச்ச அந்த ஒப்பந்தத்தை, எட்டயபுரம் தாண்டித்தான் முதல்தடவையா போன்ல திறந்து படிச்சேன். வாக்கியம், வரைபடம், மொழிபெயர்க்கிற உரிமைகூட அவங்களுக்கு. நான் எழுதி அனுப்பின பிரதியை என் சொந்த வெப்சைட்ல போட்டுக்கலாமாம். மந்தையில வெப்சைட்டுக்கு எங்க போக...

மந்தையில அண்ணாச்சி எனக்குக் குடிக்க கலர் சோடா வாங்கி வச்சு சிரிச்சுக்கிட்டு நின்னாரு. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு அடங்கிருச்சு.

"எங்க காட்டு மண்ணு, தாயி. எங்க மந்தையில வைக்க நாங்க யாருகிட்ட போயி கேக்கணும்ங்கிய?"

போன்ல இருந்த ஒப்பந்தத்தைக் காட்டினேன். அவரே கயித்தை அறுத்துவிட்டாரு. ஃப்ளெக்ஸ் குப்புற விழுந்துச்சு... பின்பக்கம் வெள்ளை வெளேர்னு கிடந்துச்சு.

அதைப் பாத்துக்கிட்டே நின்னப்போதான் உறைச்சுது. நான் எழுதிக்கொடுத்தது என் வாக்கியத்தையும் படத்தையும்தான். காட்டுல தெரிஞ்சுக்கிட்ட விஷயத்தை எந்தக் காப்பிரைட்டும் பிடிச்சு வைக்க முடியாது. அதை வேற வார்த்தையில யாரும் சொல்லலாம். நானும் சொல்லலாம்.

மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட் இருக்கான்னு கேட்டேன். விதையை எவ்வளவு ஆழத்துல போட்டா வெறும் தூத்தலை நம்பி முளைச்சு ஏமாறாது, எந்த மழைக்கு எழும்பும்னு தமிழ்ல, அந்த வெள்ளைப் பக்கத்துல முட்டிபோட்டு எழுதினேன். அண்ணாச்சி அந்தப் பக்கம் வெளிய தெரியிற மாதிரி திருப்பிக் கட்டினாரு. கைடுக்கு போட்டோ அனுப்பினேன். 'சரி'ன்னு மட்டும் பதில் வந்துச்சு. அப்புறம்தான் அந்தக் கலரைக் குடிச்சேன்.

இப்போ நான் காலேஜ்ல பாடம் எடுக்கேன். உரிமை எழுதினவங்ககிட்டயே இருக்குமான்னு கேக்காம எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல. பிள்ளைங்க கிண்டல் பண்ணுது, பண்ணட்டும்.

போன மாசம் அந்தப் பழைய கட்டுரை வேணும்னு தேடினேன். எங்க காலேஜ் அந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டலையாம். என் பேரு மேல கிடக்கு, கீழ படிக்கணும்னா காசு கட்டுன்னு கார்டு நம்பர் கேக்கு. மூடி வச்சுட்டேன்.

அண்ணாச்சி களத்துல மழை இருட்டினா வத்தல் மேல போத்துறது அந்த ஃப்ளெக்ஸைத்தான். முன்பக்கம் என் போட்டோ, ஜர்னல் பக்கம் எல்லாம் வெளுத்துப் போச்சு. கொம்பு பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்கு... போன புரட்டாசியில அதைப் படிச்சுட்டுத்தான் பக்கத்துக் காட்டுக்காரங்க விதைச்சாங்களாம்.