ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கியவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒரு டவுன் பஸ். நடுவில் எட்டு மணி நேரம் "மேற்படி சரக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று தட்டிக்கொண்டே இருப்பேன். கல்யாணம் ஆகவில்லையே என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. எனக்கு அந்தக் கவலைக்கே நேரமில்லை, ஏனென்றால் எனக்கு எழுதுகிற பைத்தியம் பிடித்திருந்தது.

பெரிய கதை, நாவல் என்று நினைத்துவிடாதீர்கள். வாரப் பத்திரிகைகளில் வாசகர்கள் எழுதும் அரைப்பக்கச் சமாசாரம்தான். பஸ்ஸில் கேட்ட பேச்சு, காய்கறிக் கடையில் பார்த்த சண்டை, இப்படி எது கண்ணில் பட்டாலும் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை ஒழுங்காக எழுதி, ஒரு புனைபெயரில் தபாலில் போட்டுவிடுவேன். பத்தில் ஒன்று அச்சில் வரும். வந்தால் அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் பாவாது. இன்று ஓய்வு பெற்றுவிட்டு, மகன் தொடங்கிக் கொடுத்த வலைப்பூவிலும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். "சாதாரண விஷயத்தைக்கூட எப்படிம்மா இப்படி எழுதுறீங்க?" என்று யாராவது கேட்டால், கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்று பதில் போடுவேன். மீதியைச் சொல்லுவதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

சாயங்கால பஸ்ஸில், நான் ஏறும் இடத்துக்கு அடுத்த ஸ்டாப்பில் பேண்டேஜ் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். தலைமுடியெல்லாம் வெள்ளையாகப் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். அவர்களில் ஒருத்திக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கல்யாணமாகிக் குழந்தைகளும் இருந்தன. ஒல்லியான உடம்பு. கையில் எப்போதும் பச்சைக் கைப்பிடி போட்ட மஞ்சள் ஒயர் கூடை. நான் பக்கத்தில் இடம் வைத்திருந்தால் வந்து உட்கார்ந்துகொள்வாள். என்னை அக்கா என்பாள், நான் அவளை வாம்மா, போம்மா என்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் ஒரு கண்மாய் உண்டு. அங்கே சின்னதாக ஒரு பாலம். அவள் தினமும் அந்த ஸ்டாப்பில் இறங்கி, பாலத்து ஓரக் கட்டையில் போய் உட்கார்ந்துவிடுவாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அவள் வீடு அடுத்த ஸ்டாப்பில் இருப்பது எனக்குத் தெரியும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிராதியக்கா. வீட்டுக்குள்ள கால வச்சா ஆளாளுக்குக் கூப்புடுவாக. கம்பெனியிலயும் அப்படித்தான். இந்தப் பாலத்துல உக்காந்தா செத்த நேரம் என்னைய யாரும் கூப்புட மாட்டாக. பத்து நிமிசம், அம்புட்டுத்தான். பொறவு நடந்து போயி, பஸ்சு லேட்டுன்னு சொல்லிருவேன்."

நான் யாரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே என் கை டிக்கெட்டைத் தேடியது. யாரும் கூப்பிடாத பத்து நிமிடத்துக்காக ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குகிற பெண்! இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன். பெயர்தான் போடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போட்டிருந்தேன். பேண்டேஜ் கம்பெனி, டவுன் பஸ், கண்மாய், பாலம், மஞ்சள் கூடை, பச்சைக் கைப்பிடி, வீட்டில் சொல்லும் பொய், எதையும் விடவில்லை. அப்படித் துல்லியமாக எழுதுவதுதான் நல்ல எழுத்து என்று அப்போது எனக்கு நினைப்பு.

இரண்டு மாதம் கழித்து அது வெளிவந்தது. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, உனக்குப் படமெல்லாம் போட்டிருக்கான்!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அரைப்பக்கத்துக்குப் படம். பாலத்தில் ஒரு பெண், மடியில் ஒயர் கூடை, தலையில் மல்லிகைப் பூ. கழுத்தைத் திருப்பி, சாலையின் கோடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வைத்திருந்த தலைப்பு "பத்து நிமிடம்". பத்திரிகைக்காரர்கள் "அந்தி நேரக் காத்திருப்பு" என்று மாற்றியிருந்தார்கள். படத்துக்கு இடம் வேண்டுமே, அதனால் என் கடைசிப் பத்தியை வெட்டியிருந்தார்கள். அவள் எதற்காக அங்கே உட்காருகிறாள் என்பது அந்தப் பத்தியில்தான் இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என் எழுத்தை வெட்டிவிட்டார்களே என்ற கோபம். பயம் வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில்தான் வந்தது.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொடுத்துவிட்டு, "யக்கா, இந்த வாரப் புக்கு பாத்தியளா? நம்ம ரூட்டு பஸ்சைப் போட்டிருக்கான். கண்மா ஸ்டாப்புல எறங்குமே மஞ்சக் கூடை, அந்தப் புள்ளயேதான். யாருக்குக் காத்துக் கெடக்கோ!" என்றார். எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசிப் பத்தி இல்லாமல் அதை மனதுக்குள் படித்துப் பார்த்தேன். வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் தனியாகக் காத்திருக்கும் கல்யாணமான பெண். அதைப் படிக்கிறவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

அன்று அவள் பஸ்ஸில் ஏறவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கண்மாய் ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போதெல்லாம் பாலத்தைப் பார்ப்பேன். வெறும் கட்டைதான் இருக்கும். தன் வீட்டுக்காரரைப் பற்றி அவள் எப்போதோ சொன்னது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. "அவிய நல்லவியதான்க்கா, கோவம் வந்தாத்தான் என்ன செய்வாகன்னு தெரியாது." அன்று இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் டீக்கடையில் பத்திரிகை படிக்கிறவரா? படிக்காவிட்டாலும், "உன் வீட்டுக்காரி பேப்பர்ல வந்திருக்கா" என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்க மாட்டானா?

நான்காம் நாள் ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு பேண்டேஜ் கம்பெனி வாசலுக்குப் போனேன். "யாரு வேணும்? பேரச் சொல்லுங்க" என்றார் வாட்ச்மேன். சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவள் எப்படி உட்காருவாள், கூடையை எப்படிப் பிடிப்பாள் என்று ஒரு பக்கம் எழுதியவளுக்கு அவள் பெயர் தெரியாது. ஒல்லியாக இருப்பாள், மஞ்சள் ஒயர் கூடை வைத்திருப்பாள் என்று உளறினேன். "இங்க பாதிப் பேரு ஒல்லிதான், எல்லாத்துக்கிட்டயும் ஒயர் கூடை இருக்கு. நீங்க யாரு, என்ன விசயம்?" என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவும் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பெட்டிக்கடையில் மாலைப் பத்திரிகையின் போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டவ் வெடித்து இளம்பெண் உயிருக்குப் போராட்டம். அந்தக் காலத்தில் இப்படிப் போஸ்டரை அடிக்கடி பார்ப்போம். பார்த்துவிட்டு, அதென்ன, ஸ்டவ் மருமகளைப் பார்த்து மட்டும் வெடிக்கிறது என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நடந்துவிடுவோம். அன்று என் கால் நகரவில்லை. பேப்பர் வாங்கிப் பிரித்தேன். நம் ஊர், வயது இருபத்து மூன்று, கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்று மூன்றே வரிகள். பெயர் போட்டிருந்தது. போட்டு எனக்கு என்ன பிரயோஜனம்?

அரசு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எந்தச் சாமியை அழைத்தேன் என்றும் நினைவில்லை. என் வாய் மட்டும் "அவளா இருக்கக் கூடாது, அவளா இருக்கக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வார்டு வராந்தாவில் ஒரு அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம் மகளோட வேல பாக்குற புள்ளையாம்மா நீ? உள்ள போயி ஒரு வார்த்த பேசும்மா. கூட்டாளி சத்தம் கேட்டா கண்ணத் தொறப்பா." இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. போனேன்.

கட்டிலுக்கு மேலே கொசுவலை போட்டிருந்தது. வாடை மூக்கில் ஏறியது. குனிந்து முகத்தைப் பார்த்தேன்.

அவள் இல்லை. வேறு ஒரு பெண்.

ஒரு பெரிய மூச்சு என்னிடமிருந்து வெளியே வந்தது. சந்தோஷ மூச்சு. அந்தத் தாய் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், நான் அவர் மகளின் கட்டில் ஓரத்தில் நின்று சந்தோஷப்பட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த நிமிடமே என் மனம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கூட்டாளி சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பாள் என்று சொன்னாரே, இதை முதல் வரியாக வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தது. அந்த ஐந்து நாளில் எதற்கும் பயப்படாத அளவுக்கு அப்போது பயந்தேன். அந்த வலையைவிட, அந்த வாடையைவிட எனக்கு என்னைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. அந்தப் பெண்ணின் காதருகில் "நல்லா ஆயிரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தேன். அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக மஞ்சள் கூடையும் ஏறியது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேம்மா போனே என்று கேட்பதற்குள் என் கண் நிறைந்துவிட்டது. அவள் பயந்துபோனாள். "ஏங்க்கா, என்னாச்சு? சின்னவனுக்கு அம்மை போட்ருச்சு. தண்ணி ஊத்துற வரைக்கும் வேலைக்குப் போகக்கூடாதுன்னுட்டாக அத்தை."

அம்மை! அவ்வளவுதானா! சிரித்தேன், அழுதேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்மாய் ஸ்டாப் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அவள் எழுந்திருக்கவில்லை. இறங்கவில்லையா என்றேன்.

"இல்லக்கா."

பஸ் கிளம்பியது. பாலத்தைத் தாண்டிப் போகும்வரை அவள் மடியில் இருந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "இன்னைக்குக் கம்பெனியில ஒரு புள்ள புக்கை வாசிச்சுச்சு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். நீங்கதான எழுதுனிய?"

ஆமாம் என்றேன். கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். என் காதுக்கே அசிங்கமாக இருந்தது, நிறுத்திக்கொண்டேன். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். "எங்க வீட்டுல யாரு புக்கு படிக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றாள். பின்னே ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

"இனிமே அங்க உக்காந்தா யாரோ பாத்துக்கிட்டே இருக்க மாதிரி இருக்கும்க்கா."

குரலில் கோபமே இல்லை. அவள் திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பேன். என்ன செய்வது என்று தெரியாமல், இத்தனை நாள் கேட்காததை அப்போது கேட்டேன். உன் பேர் என்னம்மா?

அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். லேசாகச் சிரித்தாள். "எதுக்குக்கா, எழுதவா?"

கேலியாகச் சொன்னாளா, பயந்துபோய்ச் சொன்னாளா, எனக்கு இதுவரை தெரியாது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, நேராக வீட்டைப் பார்த்து நடந்தாள். அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் இருந்தவரை, ஒருநாள்கூட அவள் கண்மாய் ஸ்டாப்பில் இறங்கவில்லை.

நான் எழுதுவதை நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை. ஆனால் வலைப்பூவில் ஒரு பதிவை வெளியிடும் முன் ஒவ்வொரு முறையும் என் விரல் அப்படியே நின்று நடுங்குகிறது. அந்த நடுக்கம் இல்லாமல் ஒருநாள் என் விரல் அந்தப் பொத்தானை அழுத்திவிடுமோ என்பதுதான், இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே பயம்.