கைப்பிடி இல்லாத முப்பத்தொரு படிகள்

ஈரத் துணியால் துடைத்த படியை உலர்ந்த துணியால் மறுபடியும் துடைத்து, அதன்மேல் தன் காலையே அழுத்தி, வழுக்குகிறதா என்று பார்க்கிறார். வழுக்குகிறது. "சனியனே" என்று படியைத் திட்டிவிட்டு அடுத்த படிக்கு இறங்குகிறார். முப்பத்தொரு படிகளுக்கும் இதே கவனிப்பு, இதே திட்டு. பத்து மணிக்குக் கதவு திறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

அந்தப் பெண்மணி ஓய்வூதிய அலுவலகத்தில் உதவியாளர். அலுவலகம் இருப்பது மாடியில். கட்டடத்துக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. கல் படிகள் நடுவில் தேய்ந்து தட்டுப் போலக் குழிந்துவிட்டன. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. ஓய்வூதியம் வாங்குகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை இதில் ஏறிப்போய், அதிகாரி முன்னால் நின்று, தான் இன்னும் சாகவில்லை என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"உயிரோட இருக்கேன்னு காட்ட வந்து, பாதி வழியில உயிரை விட்டுடப் போறாங்க. அப்ப எந்த ரிஜிஸ்டர்ல எழுதறது?" என்று கேட்கிறார். கேள்வி யாருக்கு என்று தெரியாது. பெரும்பாலும் சுவருக்கு.

அவரை எல்லோரும் 'மெதுவா அக்கா' என்கிறார்கள். வாங்க, போங்க, நல்லா இருக்கீங்களா, எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரே சொல்தான். வீட்டில் கணவர் தும்மினால்கூட "மெதுவா" என்பாராம். வயது ஐம்பத்தாறு. ஒல்லி உடம்பு. குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும்.

என் மாமனாரை அழைத்துக்கொண்டு முதல் தடவை போனபோதுதான் அவரைப் பார்த்தேன். மாமனார் ஓய்வுபெற்ற தபால்காரர். எண்பத்தொரு வயது. "நான் ஏறாத மாடியா?" என்று வீறாப்பாக ஆரம்பித்தவர் ஒன்பதாவது படியில் பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா ஒரு படி கீழே, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகுக்குப் பின்னால் விரித்தபடி, தொடாமல் ஏறிவந்தார். "பேசாதீங்கய்யா. அந்த மூச்சு ஏறறதுக்கு வேணும்."

மேலே போனால், புகைப்படம் பழசு, புதிதாக எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள் என்றார் அதிகாரி. மாமனார் பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"கைப்பிடி ஒண்ணு போடுங்கன்னு பதினோரு வருஷமா எழுதறேன். கல்லுல ஓட்டை போட்டா பழமை கெட்டுடுமாம். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவுலேர்ந்து பதில் வருது, தவறாம வருது! சரி, கயிறாவது கட்டலாம்னு கட்டினேன். பார்வைக்கு நல்லா இல்லேன்னு அறுத்துட்டாங்க. கீழ் ஹாலைக் குடுங்க, அதிகாரி அங்க உக்காரட்டும்னு கேட்டேன். அங்க என்ன வெச்சிருக்காங்க தெரியுமா? இதே கட்டடத்தைப் பொம்மையா செஞ்சு கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. அதுக்கு வெயில் ஆகாதுன்னு திரை வேற. பொம்மை கீழே, கிழவங்க மேலே!"

அடுத்த மாதம் மழையில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பதினான்காவது படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன்பிறகுதான் ஊருக்கே இந்தக் கட்டடம் கண்ணில் பட்டது.

நாங்கள் புதுப் புகைப்படத்தோடு போன அன்று, கீழ் ஹாலில் அக்காவை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருவர் அந்த வட்டாரத்துக் கவுன்சிலர். இடிக்கச் சொல்லும் மனு கையில். இன்னொருவர் பாதுகாப்புக் குழுவின் இளம் பெண்; இடிக்காதே என்னும் மனு. இருபத்தாறு வருஷம் அங்கேயே வேலை பார்த்தவரின் கையெழுத்து இரண்டு பேருக்குமே வேண்டியிருந்தது.

"இடிச்சா இங்க ஏழு மாடி வரும்க்கா! ரெண்டு லிஃப்ட்!" என்றார் கவுன்சிலர்.

"எங்க ஆபீஸ் எந்த மாடி?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். "உங்க ஆபீஸை ஊருக்கு வெளியே மாத்திடுவாங்க. இங்க கடைங்க வரும்."

"அப்ப அந்த லிஃப்ட் யாருக்கு?"

அக்கா தன் கட்சிதான் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். "இந்தக் கட்டடத்தோட அழகு உங்களுக்குத் தெரியுதுக்கா."

"தெரியாம என்ன? இருபத்தாறு வருஷமா துடைக்கறேன். கோடையில மேல ஃபேனே வேண்டாம், சுவரு அப்படி. கைப்பிடி போட விடுவீங்களா?"

"ஒரு ஆய்வு பண்ணணும்க்கா. ஆறு மாசத்துல..."

"அந்த நர்ஸம்மா விழ ஒரு நொடிதாம்மா ஆச்சு." அக்கா இரண்டு காகிதங்களையும் திருப்பிக் கொடுத்தார். "ஒருத்தர் தொடவே கூடாதுங்கறீங்க. ஒருத்தர் தரைமட்டமாக்குங்கறீங்க. நான் கேட்டது ஒரே ஒரு இரும்புக் குழாய்."

இதற்குள் என் மாமனார் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னால ஆகாதுப்பா. செத்துட்டேன்னே எழுதிக்கச் சொல்லு."

அக்கா விறுவிறுவென்று மாடி ஏறினார். இறங்கும்போது கக்கத்தில் பதிவேடு, கையில் முத்திரையும் மைப்பெட்டியும். "முத்திரையை எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று மேலேயிருந்து அதிகாரியின் குரல். அக்கா பதிவேட்டைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் விரித்தார்.

அதிகாரிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். பளபளக்கும் ஷூ. பத்துப் படி இறங்குவதற்குள் நண்டு போல் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றிக்கொண்டார். கீழே வந்து சேர்ந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

"இது விதிப்படி தப்பு."

"நேர்ல வரணும்னுதான் சார் விதி. நேர்லதான் வந்திருக்கார். மாடியா தரையான்னு விதியில எங்கயும் இல்ல. பதினோரு வருஷமா படிச்சிட்டிருக்கேன்."

அதிகாரி என் மாமனாரைப் பார்த்தார். உயிரோடுதான் இருந்தார். முத்திரை விழுந்தது. கண்ணாடிக்குள் பொம்மைக் கட்டடம் ஒருமுறை அதிர்ந்தது.

வாசலில் ஆட்டோவிலிருந்து மூன்று முதியவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இவருக்கு ஆச்சு. மத்தவங்களை மேல வரச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

அக்கா படியேறிப் போனார். மேலே அலுவலகக் கதவு சாத்தப்படுவதும் பூட்டில் சாவி திரும்புவதும் கீழே கேட்டன. இறங்கி வந்தவர், சாவியைத் தன் மதியச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, அதன் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.