ஊதா விளக்கில் ஒரு வெள்ளைப் பூ

பட்டப்பகலில் குளியலறை உள்ளே தாழிட்டிருந்தால், ஏதோ ஒரு ஜெர்மன் சின்னம் விசாரணையில் இருக்கிறது என்று அந்த வீட்டில் அர்த்தம். ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சைக் காட்டினால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய செயற்கை நூல் நீலமாக ஒளிரும். பழைய நூல் செத்துக் கிடக்கும்.

உள்ளே இருந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவரைப் பிடிப்பார். ஓய்வுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் வேலையில்லாமல் தவித்தது. பழைய ஜெர்மன் ராணுவச் சின்னங்கள் அதற்குத் தீனி போட்டன. போலிகள் மலிந்த சந்தை அது. பித்தளையா துத்தநாகமா என்று உள்ளங்கையில் வைத்தே சொல்லப் பழகினார். போர் முற்ற முற்ற ஜெர்மானியர் மட்டமான உலோகத்துக்கு இறங்கினார்கள் என்பதால், காலமும் அதிலேயே ஓரளவு பிடிபட்டுவிடும்.

அவர் உயிராக நினைத்தது மட்டும் துணிச் சின்னம். மலைப்படையினர் சட்டைக் கையில் தைத்துக்கொண்டது. அடர்பச்சைக் கம்பளியில் வெள்ளைப் பூ. வாங்கிய அன்று டார்ச் ஒளியில் அது கரிக்கட்டை மாதிரி இருந்தது.

இப்போது டியூப்லைட் மாதிரி எரிந்தது. சேகரிப்பாளர் சங்கக் கண்காட்சிக்கு எடுத்து வைக்கப் போனவர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். விளிம்பு சுருங்கியிருந்தது. பச்சையும் வெளுத்திருந்தது.

"மாத்திட்டான்" என்றார் இருட்டில்.

யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. போன தடவை வந்த மாப்பிள்ளை அலமாரி முன்னால் நின்று போனில் படம் எடுத்தார். "இதெல்லாம் வித்தா நல்லாப் போகுமா மாமா?" என்று வேறு கேட்டார். மகளைக் கட்டிக்கொடுத்த நாள் முதல் முகத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத ஆள். அதுவே உறுத்திக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். டீ வந்ததும் மேசையில் சின்னத்தை வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"நல்லாருக்கு மாமா. புதுசு மாதிரி பளிச்சுனு இருக்கு."

"புதுசு மாதிரியா?"

"ஆமா..."

"உங்களுக்கே தெரியுது பாருங்க."

மாப்பிள்ளைக்கு வேர்த்தது. பிறகு கப்பைக் கீழே வைத்தார். "சுத்தி வளைக்காதீங்க மாமா. நான் எடுத்துட்டு வேற வச்சுட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாம சொல்றதுக்கு உங்களை அடிச்சுக்க ஆளே இல்லப்பா" என்று மகள் எழுந்தாள். "வாங்க, போலாம்."

அடுப்படியிலிருந்து மனைவி ஈரக் கையோடு வந்தார். "ஏங்க, நிறுத்துங்க. அதை நான்தான் துவைச்சேன். பூஞ்சை பூத்திருந்துச்சு. கொஞ்சம் சோப்புத்தூள்ல ஊற வச்சேன். சொன்னா ஆடித் தீர்ப்பீங்களேன்னு வாயைத் திறக்கல."

வெள்ளையைப் பளிச்சென்று காட்டச் சோப்புத்தூளில் ஒரு மருந்து கலப்பார்கள், பழைய நூலிலும் அது ஏறி ஒளிரும் என்பது அவருக்குத் தெரியும். கம்பளி தண்ணீரில் சுருங்கும் என்பதும் தெரியும். ஆனாலும் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளையைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றே."

"ஆமா, நானும் கூட்டுக் களவாணி. ரெண்டு பேரையும் சேர்த்து உள்ள தள்ளுங்க!"

ஒரே வழிதான் மிச்சம். பூவிலிருந்து ஒரு நூலை உருவி எரிக்க வேண்டும். பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரளும். அந்தக் காலத்து ரேயான் என்றால் காகிதம் மாதிரி சாம்பலாகும். அசலாக இருந்தால், சின்னத்தைத் தன் கையாலேயே கெடுத்ததாகிவிடும். கெடுக்காமல் விட்டால் மகள் வாசலைத் தாண்டிவிடுவாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

இடுக்கியால் பின்புறத்தில் ஒரு வெள்ளை நூலைப் பிடித்து இழுத்தார். நெருப்புக்குச்சியைக் காட்டினார். காகிதம் எரியும் வாசனை. விரலால் தொட்டதும் சாம்பல் பொடிந்தது.

"அசல்! அசலேதான்!" குழந்தை மாதிரி கத்தினார். "என்னோடதேதான்!"

முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தவரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சந்தோஷம்பா" என்றாள் மகள். "துணி அசல்னுதான் சந்தோஷப்படுறீங்க, இவர் அசல்னு இல்லன்னு புரிஞ்சுது."

ஓடிப்போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். "பரவால்ல மாமா" என்று மாப்பிள்ளை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு இருவரும் நிற்கவில்லை.

கண்காட்சிக்கு அவர் போகவில்லை. அன்று காலை பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது மாப்பிள்ளை. "வாங்க மாமா" என்று சிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

அவர் பேச்சைத் தேடிச் சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். அவர் கண் போகிற இடமெல்லாம் மாப்பிள்ளையின் கண்ணும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.