தறிக்குழி தரை இல்லை

மழை வந்தால் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கிற கூரை வீட்டில், ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் பிறந்தவன் நான். அப்பா பிறர் நிலத்தில் கூலி. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. தறிக்காரர் ஒருவர் வீட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, திட்டு வாங்கி, பார்த்துப் பார்த்தே நெசவைக் கற்றேன். 'ஒனக்கு எதுக்குடா பட்டு' என்று கேட்டவர் தெருவிலேயே சொந்தத் தறி போட்டேன். ஒரு தறி கொட்டகையானது. கூரை வீடு மாடி வீடானது. தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வர ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். மூன்று பெண்களையும் காலேஜுக்கு அனுப்பினேன். ஐந்தாவது படித்தவன் வாரா வாரம் பத்தி எழுதுகிறான் — அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த ஆளை, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என்ன பேச வேண்டும் என்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள்.

எனக்கு இடுப்பு மூட்டு மாற்றிய கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: தேய்ந்த எலும்பை எடுத்துவிட்டு, பந்தும் கிண்ணமுமாக ஒன்றை உள்ளே வைத்தார்கள். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. வைத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அவர்கள் விளம்பரத்தை நான் ஏன் எழுத வேண்டும்?

விளம்பரத்துக்குத்தான் அந்தப் பெண்ணே வந்திருந்தாள். பெயர் திவ்யா. நல்ல பெண். வீடியோ எடுக்க வருகிறார்கள் என்றதும் நான் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டேன். என் தறியைப் பற்றிக் கேட்பாள், நான் முன்னேறியதைக் கேட்பாள் என்று நினைத்து, பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கியும் வைத்திருந்தேன்.

அவள் போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுச் சொன்னாள். “ஐயா, சிம்பிள்தான். 'இப்ப எனக்கு வலியே இல்ல, பழையபடி எல்லா வேலையும் செய்யறேன்'னு சிரிச்சுக்கினே சொல்லுங்க. அப்புறம் கேட் வரைக்கும் நடந்து காட்டுங்க. அவ்ளோதான்.”

கதவோரம் நின்றிருந்த என் மனைவி சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னா சிரிப்பு?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. வலியே இல்லன்னா, ராத்திரியில முனகினது நானான்னு யோசிக்கறேன்.”

வலி இல்லையா எனக்கு? காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது தொடைக்குள் யாரோ ஒரு கம்பியைப் பிடித்துத் திருகுவது போல இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. அதிகம் நடந்தால் திரும்பி வருகிறது. கால் நகத்தை நானே வெட்டிக்கொள்ள முடியாது. இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்துத்தான் படுக்க வேண்டும். 'நமக்கு நடுவுல மூணாவது ஆளு' என்று சரோஜா அந்தத் தலையணையைத் திட்டுகிறாள். ஆபரேஷன் ஆன கால் மற்றதைவிட விரல் தண்டி நீளமாகிவிட்டது. இன்னொரு காலின் செருப்புக்கு அடியில் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கிறேன். இந்த வயதில் வளர்ந்த ஆள் ஆரணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் போதாதென்று, மூட்டு ஒருமுறை கழன்றும் விழுந்தது.

அதைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி ஹாலில் ஒரு போர்டு உண்டு. மூட்டு மாற்றியவர்கள் செய்யக் கூடாதவை, படத்தோடு. கால்மேல் கால் போடக் கூடாது. குத்துக்காலிடக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. நான் ஒன்றையும் மீறவில்லை. விருந்துக்குப் போனால்கூட டேபிள் இல்லாத பந்தியில் உட்காரமாட்டேன்.

ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் போயிருக்கும். கொட்டகையில் ஒரு தறிக்குப் புதுப் பாவு நூல் ஏற்றியிருந்தார்கள். ஒரு புடவை பாதி வந்துவிட்டது. பார்டரில் ஓர் இழை விட்டு விட்டு விழுகிறது. நெய்கிறவனுக்குத் தெரியவில்லை. எனக்கு வாசலில் இருந்தே தெரிகிறது. சொன்னேன், புரியவில்லை. திட்டினேன், அப்போதும் புரியவில்லை. 'எழுந்துரு' என்று சொல்லிவிட்டு, தறியில் நானே உட்கார்ந்தேன். மிதித்தேன். சரியும் செய்தேன் — அதை மறந்துவிடாதீர்கள். எழுந்திருக்க முன்னால் குனிந்தபோதுதான் இடுப்பில் 'டொக்' என்றது. அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருத் தறியும் நின்றதாகச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ். மயக்க மருந்து. மூட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். கண் விழித்தால் எதிரே டாக்டர்.

“தரையில உக்காரக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன் ஐயா?”

“தரையில எங்க சார் உக்காந்தேன்? தறியிலதான் உக்காந்தேன்.”

அவர் தெற்கத்திக்காரர். குழித்தறியைப் பார்த்ததே இல்லை. நான் விளக்கினேன். தறிக்கடியில் குழி இருக்கும், காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்போம், நாற்காலி மாதிரிதான் என்று.

“உக்கார்ற பலகை எவ்ளோ உயரத்துல இருக்கும்?”

“தரை மட்டத்துல.”

அவர் பேனாவை எடுத்து, அதைக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டார்.

நீங்களே சொல்லுங்கள், தப்பு யாருடையது? ஆரணியில் எந்த நெசவாளியை வேண்டுமானாலும் நிறுத்தி, 'தினமும் தரையில் உட்காருவாயா' என்று கேளுங்கள். சாப்பிடும்போது மட்டும் என்பான். பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்கும் தறிக்குழி அவன் நினைவுக்கே வராது. தரை வேறு, தறி வேறு. போர்டு எழுதியவர் தறியைப் பார்த்ததில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். படுக்கையில் இருந்தபடியே ஆசாரியை வரவழைத்து, ஒரு தறியைத் தரைக்கு மேலே தூக்கிக் கட்டினேன். குழி கிடையாது. பெஞ்சு போல உயரமான பலகை, அதற்கேற்ற மிதி. கொட்டகையில் கேலி பறந்தது. 'அண்ணன் தறி மாடி ஏறிடுச்சிபா' என்றார்கள். ஏறட்டும். டாக்டரிடமும் சொல்லிவிட்டு, தினம் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து நெய்கிறேன். வலிக்கிறது. நெய்கிறேன்.

சரி, வீடியோவுக்கு வருவோம்.

“இத யாருமா பாப்பாங்க?” என்று கேட்டேன்.

“ஆபரேஷன் பண்ணிக்கினவங்க எல்லாரும் பாப்பாங்க ஐயா. வாட்ஸ்அப் க்ரூப் கீது. அதுலதான் போடுவோம்.”

எனக்கு உடனே ஜெயராமன் ஞாபகம் வந்தது.

ஜெயராமன் களம்பூரில் ரைஸ் மில் மேஸ்திரி. நெல் மூட்டை என்றால் முதுகு கேட்காமல் தூக்கிய ஆள். எனக்கு மூட்டு மாற்றிய அதே டாக்டர்தான் அவனுக்கும் மாற்றினார். நான்கு மாதமாகிறது. திவ்யா வருவதற்குச் சில நாள் முன்னால் பார்க்கப் போயிருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வாக்கர் மூலையில் நின்றது, அதன்மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“நடக்கறியாடா?”

“நடந்துகினுதான் கீறேன் அண்ணே.”

பொய். வாக்கரின் கால்களில் தூசி.

அவன் மகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். அந்த க்ரூப்பில் வந்த வீடியோக்கள். ஒருவர் மாடிப்படி ஏறுகிறார். ஓர் அம்மா கோலம் போடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எல்லோரும் வலியே இல்லை என்கிறார்கள். “பாருங்க பெரிப்பா, எல்லாரும் ஓடறாங்க. இவுரு மட்டும் பேஜார் பண்ணிகினு படுத்துக்கினே கீறாரு” என்றான் பையன். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னான். ஜெயராமன் திரும்பவே இல்லை.

அவனுக்கும் வலி. சொன்னால், 'எல்லாருக்கும் சரியாச்சு, ஒனக்கு மட்டும் இன்னா' என்பார்கள். அதனால் சொல்லவில்லை. நடந்தால் வலிக்கிறது, வலித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நடக்கவும் இல்லை. இப்படியே கிடந்தால் கால் நிரந்தரமாக மடங்கிப்போகும் என்று பிசியோதெரபி அம்மா எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். அவனுக்கு நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை.

இப்போது அதே க்ரூப்பில் நானும் பட்டுச் சட்டையோடு வந்து, 'வலியே இல்ல' என்று சிரித்தால்? அவன் சுவரைப் பார்த்தபடியே கிடந்துவிடுவான். அப்புறம் அவனை எழுப்ப யாராலும் ஆகாது.

திவ்யா பட்டனைத் தட்டினாள். நான் பேசினேன்.

“எம் பேரு முனுசாமி. சேவூரு. எனக்கு வலி கீது. இன்னிக்கிக் காலையிலகூட வலிச்சிது. மூட்டு ஒருவாட்டி கழண்டு வுழுந்துது, மறுபடி மாட்டனாங்க. ஒரு காலு நீளம். அதுக்காக நான் படுத்துக்கல. வலிச்சா டாக்டராண்ட சொல்றேன், மறைக்கறதில்ல. அவரு நடன்னு சொன்ன அளவுக்கு நடக்கறேன். வலிக்குதுன்னா தோத்துட்டேன்னு அர்த்தமில்ல. களம்பூரு ஜெயராமா, ஒனக்குந்தான் சொல்றேன்.”

திவ்யா போனை நிறுத்திவிட்டாள். “ஐயா... இது கொஞ்சம் நெகடிவா போவுது. மேல கேப்பாங்க. 'தோக்கல'ன்னு சொன்ன லைன் மட்டும் வச்சுக்கலாமா?”

“வச்சா முழுசா வையி. இல்லன்னா வேணாம்.”

“எதுனா ஒரு நல்லது...”

“நடக்கறேன்னு சொன்னேனே, அது நல்லது இல்லியா?”

அவள் வேலை அவளுக்கு. சரோஜா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாள். வீடியோ வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும். ஆனால், நான் பேசியதை முழுசாகத் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள் சரோஜா. பட்டுச் சட்டையில் நான் எப்படி இருக்கிறேன் என்று பெண்களுக்கு அனுப்பத்தான் எடுத்தாளாம். அதை வாங்கி ஜெயராமன் மகனுக்குத் தட்டிவிட்டேன்.

அரை நாள் பதில் இல்லை. சாயங்காலம் போன். மகன் அல்ல, ஜெயராமனே.

“அண்ணே... ஒனக்குமா வலிக்குது?”

“வலிக்குதுடா.”

“நெசமாவா? காலையில கட்டில வுட்டு எறங்கறப்பவா?”

“ஆமாண்டா. கம்பிய திருகறாப்ல.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. எனக்கு வலிக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறுநாளே மகனிடம் வாக்கரைக் கேட்டிருக்கிறான்.

வலியை ஏன் நாம் இத்தனை வெட்கமாக நினைக்கிறோம்? காசு கொடுத்து வைத்துக்கொண்ட மூட்டு வலிக்கிறது என்று சொன்னால், கடையில் ஏமாந்து சாமான் வாங்கிவந்தவன் போலப் பார்க்கிறார்கள். அதனால் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குள் முனகி, வாட்ஸ்அப்பில் சிரிக்கிறோம். வலியைத் தாங்கிவிடலாம் போலிருக்கிறது... அடுத்தவன் சிரிப்பைத்தான் தாங்க முடிவதில்லை.

இந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே செக்கப்புக்குப் போனோம். காரை விட்டு இறங்கி ஹால் வரைக்கும் ஜெயராமன் வாக்கரில் நடந்தான். முகம் கோணியது. கோணட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் எங்கெங்கே வலிக்கிறது என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். அவர் மாத்திரையை மாற்றினார், ஒரு டெஸ்ட்டும் எழுதினார். முன்னாலேயே சொல்லியிருந்தால் எப்போதோ எழுதியிருப்பார்.

வெளியே வரும்போது ஜெயராமன்தான் போர்டைப் பார்த்தான். “அண்ணே, இன்னாது இது புதுசா?”

கடைசியில் புது வரி ஒன்று. 'தறிக்குழியில் இறங்கக் கூடாது. தறியை உயர்த்தி அமைத்துக்கொள்ளவும்.' பக்கத்தில் படம். கிணற்றில் விழுந்த ஆள் போல இருந்தது, போகட்டும்.

அப்படியே திரும்பி டாக்டர் ரூமுக்குள் போனேன்.

“சார், அந்தக் கடைசி வரி என்னுது.”

“ஆமா ஐயா, உங்களாலதான் போட்டோம்.”

“அப்ப கீழ பேரு போடுங்க.”

அவர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். ஜெயராமன்கூடச் சிரித்தான், வாக்கரைப் பிடித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை.

அந்த வரிக்காக மூட்டு கழன்று துடித்தவன் நான். தறியைத் தூக்கிக் கட்டியவன் நான். இனி ஆரணியில் மூட்டு மாற்றுகிற எந்த நெசவாளிக்கும் அந்த 'டொக்' கேட்காது என்றால், அதில் என் பங்கு இல்லையா? மேலே டாக்டர் பெயரை எவ்வளவு பெரிசாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். கடைசி வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஆனாலும் சரி — சேவூர் ஏ. முனுசாமி.

இனிஷியலை விட்டுவிட வேண்டாம். சேவூரில் முனுசாமிகள் நிறைய.