குற்றாலத்தில் எடுத்த ஏழாவது படம்

அருவிப் படத்தை யார் காட்டினாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். சுற்றுலா போய்வந்த உறவுக்காரர்கள் ஆசையாக ஆல்பத்தை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பொறாமை பிடித்த கிழவன் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் பரளச்சிப் பக்கம். அந்த வருஷம் மழை சுத்தமாகக் கைவிட்டிருந்தது. ஊருணி வெடித்துக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் கிணற்றுக்குள் இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது.

“குத்தாலத்துக்குப் போயி அருவிய நல்லா ஒரு படம் எடுத்துட்டு வாப்பா. பெருசாப் போட்டுக் கண்ணாடிக்குள்ள வச்சா, போற வாற சனம் பூராம் நின்னு பாக்கும்ல” என்றார்.

நாக்கு வறண்டு கிடக்கிற ஊருக்குத் தண்ணீர்ப் படம் காட்டி ஆள் பிடிக்கிற புத்தி. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பஸ் ஏறினேன்.

அதுவரை நான் அருவியைப் பார்த்ததில்லை. சாரலில் நனைந்துகொண்டே போய்ப் பேரருவிக்கு எதிரே நின்றபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். இத்தனை தண்ணீரும் யாருக்காக இப்படிப் பாறையில் விழுந்து ஓடுகிறது? பக்கத்தில் ஒருவர் ஆற அமர எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். கேமராக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பன்னிரண்டையும் எடுத்துத் தீர்த்தேன். ஆண்கள் குளிக்கிற பக்கம் எது, பெண்கள் பக்கம் எது என்றுகூட நான் பார்க்கவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம். என் கண்ணுக்கு அன்றைக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

ஏழாவது படம் நன்றாக விழுந்திருந்தது. அதைத்தான் பெரிதாகப் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினோம். முதலாளி சொன்னபடியே கூட்டம் கூடியது. குடத்தோடு போகிற பெண்கள்கூடக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலை நெசவாளர் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். சொந்தத் தறிகள் வைத்திருந்தவர், மரியாதைப்பட்டவர். குடையை ஊன்றிக்கொண்டு படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே வந்து குரலை உயர்த்தாமல், “தம்பி, அந்தப் படத்தக் கழட்டிக் குடுங்க” என்றார்.

ஏன் என்று முதலாளி கேட்டார். பெரியவர் எங்களை வெளியே கூட்டிவந்து, குடை நுனியால் படத்தின் வலது கீழ் மூலையைக் காட்டினார்.

“எங்க வீட்டு மருமக. எம்மகன் செத்து இன்னும் வருசம் திரும்பல.”

அப்போதுதான் பார்த்தேன். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பெண், இடுப்புக்கு மேலே தெரிய, தண்ணீருக்குள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருட்டறையில் மருந்துத் தண்ணீருக்குள் அந்தப் படம் மெல்ல எழும்பி வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தான். அவளை நான் பார்க்கவில்லை. ஊர் பார்த்திருக்கிறது. எத்தனை பேர் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் போய்ச் சொன்னார்களோ! மூலையை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றேன். பெரியவர் முழுப் படத்தையும் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே பிளேடை எடுத்தேன். நெகட்டிவில் வேண்டாததைச் சுரண்டுவது எங்கள் தொழிலில் உள்ளதுதான். சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். அருவிப் பாறையும் கறுப்பு, ஒருத்தருக்கும் தெரியாது. நெகட்டிவில் அவள் நெல்மணி அளவுதான் இருந்தாள். நாலு இழுப்பில் வேலை முடிந்தது. அவளுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி வேறு. வெட்கக்கேடு! புதுப் படம் போட்டுப் பெட்டியில் மாட்டினோம்.

ஒரு மாதம் போயிருக்கும். வெயிலில் பஜார் காலியாகக் கிடந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கையில் மருந்துப் புட்டியோடு, வெறும் நெற்றியோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. திட்டத்தான் வந்திருக்கிறாள், வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்று எழுந்து நின்றேன்.

“படம் புடிச்சது நீங்கதானாண்ணே?”

தெரியாமல் நடந்துவிட்டது என்று குழறினேன்.

“டீச்சர் ட்ரெயினிங்குக்கு எடம் கெடச்சிருந்துச்சு. மாமனாரும் சரின்னுதான் சொல்லிருந்தாக. காரியாபட்டில அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். மனசு ஆறட்டும்னு அம்மாதான் அருவிக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஒருநா வெளிய விட்டதுக்கே இந்தக் கூத்துன்னா, ரெண்டு வருசம் விட்டா என்னாகும்னுட்டாக. இனிமே படிப்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

யாரோ ஒருத்தி கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நான் அதுக்கு வரலண்ணே. அந்தப் படத்த எனக்கு ஒருக்காக் காட்டுறீகளா? ஊரே பாத்துருச்சு, நான் பாக்கல. எங்கண்ணுல காட்டாமலே அடுப்புல போட்டுட்டாக. நான் அப்படியா சிரிச்சேன்?”

வேறு வழியில்லாமல் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன். குனிந்து தேடினாள். சரியாக அந்த மூலைக்கு வந்து விரலை வைத்தாள்.

“நான் நின்ன எடத்துல கல்லுல்ல இருக்கு?”

“நாந்தாம்மா நெகட்டிவ்லயே சுரண்டிட்டேன். இனிப் போட்டாலும் வராது. ஒங்க நல்லதுக்குன்னுதான்…”

அந்தக் கல்லின் மேலிருந்து விரலை எடுத்தாள்.

“அவுக படத்தத்தாண்ணே எரிச்சாக” என்றாள். “நீங்க ஆளையே எடுத்துட்டீகளே.”