ஏரிக்கரைப் படத்தில் எங்கள் வீடு

என் மாமாவால் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அம்மாவின் தம்பியான அவருக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு கலர் லேபில் வேலை. கல்யாணப் பெண்ணின் முகப்பருவை எடுப்பார், மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பார், மண்டப வாசலில் படுத்திருந்த நாயை இருந்த சுவடே இல்லாமல் ஆக்கிவிடுவார். இதையெல்லாம் யாரும் கேட்கவேண்டாம், அவரே செய்துவிடுவார். அதற்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு.

நான் மூன்றாவது படிக்கும்போது அந்த லேபுக்கு ஒரு புகைப்படக்காரர் வந்தார். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் உள்ள ஏரிகளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தவர். அந்தப் படங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஒரு மியூசியம் கேட்டிருந்தது. பிரிண்ட் போட்டது மாமா. "என் கையால போட்டத மியூசியத்துல மாட்டிகீறாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார். அம்மா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள்.

ஏசி போட்ட பெரிய கூடம். சுவரெல்லாம் ஏரி. அதில் ஒன்று எங்கள் அம்பத்தூர் ஏரி, கதவு அளவுக்கு இருந்தது. டிரான்ஸ்பார்மர் தெரிந்தது, பக்கத்து வீட்டு நீலக் கதவு தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு இருக்கவேண்டும். அங்கே கருவேலம் புதர்தான் இருந்தது.

"மாமா, நம்ம ஊடு எங்க?" என்று கேட்டேன். மாமா என் தோளைப் பிடித்து அடுத்த படத்துக்குத் தள்ளினார். எனக்கு விட மனமில்லை. பக்கத்தில் நின்றிருந்த புகைப்படக்காரர் சிரித்துக்கொண்டே, "எந்த வீடும்மா?" என்றார். அவர் வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மாட்டிய படங்களை இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். "இங்க. அம்மா துணி காயப் போட்டுகினு இருக்கும்."

அவர் சிரிப்பு நின்றுபோனது. கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"கிளீன் பண்ணேன் சார்," என்றார் மாமா. "அந்த எடம் மட்டும் அசிங்கமா இருந்திச்சு. ஷீட்டு கூரை, குடம், கொடியில நைட்டி... பெரிய மனுசங்க வந்து பாக்கற எடம்."

"அந்தக் கொடிக்காகத்தான் படமே எடுத்தேன்" என்றார் அவர். சொல்லும்போதே அம்மாவைப் பார்த்துவிட்டார். தான் எடுத்த படத்தில் கொடியருகே நின்ற பெண் யாரென்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். வேறு பிரிண்ட் போட்டுவிடலாம் என்று மட்டும் மெல்லச் சொன்னார். அம்மா முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தப் புதரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பட்டுப்புடவையோடு அவள் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.

திரும்பி வரும்போது ரயிலில் மாமா கெஞ்சாத குறை. "உன்ன அப்டி யாரும் பாக்கக் கூடாதுன்னுதான்க்கா எடுத்தேன்."

"செரி விடுடா. நல்லாதான் எடுத்துகீற," என்றாள் அம்மா.

புதிய பிரிண்ட் போட்டு மாட்டினார்கள். அதில் எங்கள் வீடு இருந்தது, கொடி இருந்தது, அம்மாவும் இருந்தாள். மாமா அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீடு மியூசியத்தில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன். அதைப் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டபோது தலைவலி என்று வரவில்லை. இன்றுவரை அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

அந்த வாரமே அவள் ஏரிப் பக்கமிருந்த கொடியை அவிழ்த்து, வீட்டுக்குப் பின்னால், இரண்டு சுவருக்கு நடுவில் கட்டினாள். அங்கே வெயில் படாது. என் யூனிபார்ம் காயாமல் ஈரவாடை அடித்தது. அதைப் போட்டுக்கொண்டு போகமாட்டேன் என்று நான் தினமும் அவளோடு சண்டை போட்டேன். படத்தில்தான் வீட்டைத் திரும்ப வைத்துவிட்டார்களே, இவள் எதற்குக் கொடியை மாற்றவேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.