எலெக்ட்ரான் பேராசிரியர்

அவ்வளவு பெரிய மேதாவியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து சனங்கள் குடும்பம் குடும்பமாக நீலகிரிக்கு வந்துகொண்டிருந்த காலம். கூடலூரில் சேரம்பாடி பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு வேதியியல் பேராசிரியர். கோட்டு, மப்ளர், நடைவழியை அடைத்து நிறுத்திய தோல்பெட்டி. நானும் வேதியியல் ஆசிரியன்தான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்; பிடித்துக்கொண்டார்.

"காந்தத்துல வெச்சா அணுக்கரு குடுக்கிற சிக்னல் ரொம்ப பலவீனம் சார். எலெக்ட்ரானுக்கு பலம் ஜாஸ்தி. அந்த பலத்தை அணுக்கருவுக்கு மாத்திவிட்டா, கேக்காத சிக்னல்கூட கணீர்னு கேக்கும்!"

எலெக்ட்ரான் என்று சொல்லும்போதெல்லாம் வலது ஆள்காட்டி விரல் உயரும். அணுக்கருவுக்கு இடது சுண்டுவிரல்.

பின்னாலிருந்து குழந்தையும் மூட்டையுமாக ஒரு பெண் வந்தாள். "தொரை, பெட்டிய கொஞ்சம் தள்ளுங்க. தேவாலாவில எறங்கணும்."

அவர் திரும்பாமலே எலெக்ட்ரான் விரலை அவள் பக்கம் நீட்டினார், பொறு என்று. அவள் மறுபடியும் கேட்டாள். அந்தக் குரல் கண்டக்டருக்கு எட்டவில்லை. தேவாலாவில் நின்ற பஸ் கிளம்பியும் விட்டது.

"ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன். சற்றுத் தள்ளிப் போய் பஸ் நின்றது. அவள் பெட்டியைத் தாண்டி இறங்கி, கொட்டும் மழையில் வந்த வழியே நடந்தாள்.

பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார்? அந்தம்மா அணுக்கரு, நீங்க எலெக்ட்ரான். இதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்!"

பிறகு நானும் எத்தனையோ புத்தகங்களைப் புரட்டிவிட்டேன். பெட்டியால் வழியை மறித்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பாடத்தில் என்ன பெயர் என்று எதிலும் போட்டிருக்கவில்லை.